மழைக்கு மிஸ்ஸிங் அடித்தால் "டிஸ்ட்ரிபியூட்டர் முழுசா போச்சு" என்பார்கள், கவனம்!

கொழும்பில் பழைய கொரோலா, சன்னி, லான்சர் என்று கார்ப்பரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாசியுங்கள். வெள்ளவத்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் என் கொரோலா கேஈ 70இன் நல்ல டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு வைக்கும் சாமான்) கழற்றி எடுத்துக்கொண்டு, தேய்ந்துபோன ஒன்றைப் பூட்டி, அதற்கு 38,000 ரூபாயும் வாங்கிவிட்டார்கள். பில்லும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் வண்டி மிஸ்ஸிங் அடித்தது, அதாவது எஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. வெயிலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கராஜ் பாஸ் (மெக்கானிக்) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, டிஸ்ட்ரிபியூட்டர் முழுசா முடிஞ்சுது. பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துத் தாறன்" என்றார்.

மழைக்கு மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் மூடியில்தான் இருக்கும். இக்னிஷன் காயிலில் இருந்து வரும் பல்லாயிரம் வோல்ட் மூடியின் நடுவில் உள்ள கரிக்குச்சி வழியாக ரோட்டருக்கு இறங்கும். ரோட்டர் சுழன்று எஞ்சினுக்கு உரிய வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கு வைக்கும். மூடியில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அதில் ஈரமும் கரியும் சேர்ந்து, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே ஓடிவிடும். மூடியையும் ரோட்டரையும் மாற்றினால் காரியம் முடிந்தது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் பாயிண்ட்டும் மலிவான சாமான்தான். ஷாஃப்ட்டில் உள்ள கேமில் உரசும் அதன் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பொறி விழும் நேரம் (டைமிங்) பின்னுக்குப் போகும், இழுவை விழும். முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றுவதென்றால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷே தேய்ந்திருக்க வேண்டும்.

அவர் 'ரீகண்டிஷன்' ஒன்றைப் பூட்டித் தந்த பிறகும், அடுத்த மழையில் மறுபடி அதே மிஸ்ஸிங். கொட்டாஞ்சேனையில் மச்சானுக்குத் தெரிந்த வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். இருட்டிய பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, மூடியில் லேசாகத் தண்ணீர் தெளித்தார். நீலப் பொறி மூடிக்கு மேலே ஊர்ந்தது. கழற்றிப் பார்த்தால் என் பழைய மூடியேதான்! வயர் மாறாமல் இருக்க நான் பெயின்ட்டால் போட்ட இலக்கங்கள்கூட அழியவில்லை. அதாவது பழுதான ஒரே சாமானை அப்படியே வைத்துவிட்டு, நன்றாக இருந்ததைக் கொண்டுபோயிருக்கிறார்கள். 'ரீகண்டிஷன்' உடலில் ரோட்டரைப் பிடித்து அசைத்தால் ஷாஃப்ட் ஆடியது. அந்த ஆட்டத்தில் பாயிண்ட் இடைவெளி ஒரு நிலையில் நிற்காது, என்ன டியூன் செய்தாலும் பயனில்லை. வெளியே மட்டும் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட்.

என் பழையதைக் கேட்டால், இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம். ஒரிஜினல் ஜப்பான் சாமானை எந்தக் கராஜ்காரர் இரும்புக்குப் போடுவார்?

உங்களிடம் இப்படிச் சொன்னால் முதலில் கண் முன்னே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ரோட்டர் சுழலும் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி, ஸ்பிரிங்கில் மீண்டும் வருவது சரி. பக்கவாட்டில் ஆடினால்தான் தேய்மானம். எஞ்சின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் டயஃப்ரம் (உள்ளே உள்ள மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம், அப்போதும் முழுதாக மாற்றத் தேவையில்லை. வண்டியை விடுமுன் டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் உள்ள இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியது உடைந்தே இருந்தாலும், காசு கொடுக்குமுன் கையில் வாங்கிவிடுங்கள்.