ஐந்தாண்டு ரப்பர்: வீட்டில் கட்டிய செனித் 701-ஓடு என் அனுபவம்

பெட்டியில் வந்த பாகங்களை வைத்து நானே வீட்டில் கட்டிய சிறு விமானம் செனித் 701. அதன் இஞ்சினுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய ரப்பர் மாற்றம் போன வாரம் முடிந்தது. இஞ்சினில் ரப்பர் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட்டாயிற்று. பெட்ரோல் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வுகள், கார்புரேட்டரை இஞ்சினோடு சேர்க்கும் இரண்டு ரப்பர் கழுத்துகள், எதையும் விடவில்லை. அந்தக் காசுக்குப் புது கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கலாம். சரியாக இந்த நேரம் பார்த்து தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, நீங்க கட்டின மாதிரியே நானும் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். வாங்கலாமா? அனுமதி கிடைக்குமா?" எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விமானத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போவதில்லை. கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986-இல் கொண்டுவந்த வடிவம். இரண்டு பேர் உட்காரலாம், குட்டையான ஓடுபாதை போதும், பார்க்க அழகாக இருக்காது. எனக்கு அந்த முரட்டு உருவம் பிடித்திருக்கிறது. கிளாங் துறைமுகத்தில் பாகங்களோடு வந்து இறங்கிய மரப்பெட்டியை லாரியில் ஏற்றி சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கட்டினேன். அலுமினியத் தகடு முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து இழுத்து இறுக்கும் ரிவெட்டுகளால் சேர்வது. பின்னால் இரும்புக் கட்டை பிடிக்க இன்னொரு ஆள் தேவையில்லை. தனியாக, வேலை முடிந்து வந்து, இரவில் செய்யக்கூடிய வேலை. துளை போட்டு, பிசிறு எடுத்து, கிளீக்கோ என்னும் வண்ண வண்ணக் கவ்விகளைத் துளைகளில் செருகித் தற்காலிகமாகப் பிடித்து, எல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரிவெட். எட்டில் ஒரு அங்குலத் துளைக்குச் செம்பு நிறம், அதைவிட ஒரு படி பெரியதற்குக் கறுப்பு. ஒரு பக்கம் முழுக்க செம்பு நிறம் நிறைந்திருக்கும்போது அந்த இறக்கை எவ்வளவு அழகாக இருக்கும் என்று கட்டியவர்களைக் கேளுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தகடுகள் சேரும் இடங்களில் எல்லாம் உள்ளே அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூச்சு அடிக்க வேண்டும். அது சோம்பல் படக்கூடாத இடம். இன்று இறக்கையின் ஆய்வு ஜன்னலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி எதுவும் இல்லை. சட்டகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். 2018 பிப்ரவரியில் பழைய சிவில் விமானப் போக்குவரத்துத் துறை போய் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வந்தது. விமானத்தின் பக்கவாட்டில் 9எம் என்று தொடங்கும் பதிவெண்ணை எழுதும் உரிமை அவர்கள் தருவது. என் யோசனை ஒன்றுதான்: பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் போய்ப் பேசுங்கள், எழுத்தில் பேசுங்கள். கட்டும்போது ஒவ்வொரு படியையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். தகட்டை மூடுவதற்கு முன் உள்ளே படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு யாரும் உள்ளே பார்க்க முடியாது, நீங்களும்தான். மூன்று சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து எடை பார்த்து, எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிரமம்.

பார்வையிட வந்த அதிகாரி காகிதங்களை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளச் சொல்லிவிட்டு, வெளியே நின்று எந்த ஃபிளாப்பெரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) தூக்குகிறது என்று தன் கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு கேபிளையும் இழுத்துப் பார்த்தார். கார்புரேட்டரில் ஐஸ் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஐஸ் கச்சாங்கைத் தவிர வேறு ஐஸ் தெரியாத ஊரில் இந்தக் கேள்வியா என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பம் சட்டென்று இறங்கும். நம்முடைய ஈரக்காற்றில், வெளியே 30 டிகிரி இருந்தாலும், பவரைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டலாம். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை. தாமதம் ஆகிறது, உண்மை. ஆனால் கேட்கப்பட்டவை எல்லாம் என் உயிரைப் பற்றிய கேள்விகள். அனுமதி கிடைக்காது என்ற பயத்தில் யாரும் இந்த ஆசையை விட வேண்டாம்.

பறப்பது எப்படி? ஈப்போ ஓடுபாதையில் பாதி தூரம்கூட வேண்டாம், அதில் ஒரு மூலை போதும். காலையில், கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் மூட்டம் விலகும் நேரத்தில் மேலே போனால், ஒவ்வொரு குன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். செம்பனைத் தோட்டங்கள் கோடு போட்ட மாதிரி தெரியும். இடையில் இன்னும் எங்கேயாவது பழைய பால் மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், வந்தால் நிறம் வேறாக இருக்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் தோட்டம் இருந்த இடத்தை மேலிருந்து பார்த்த நாளில் எனக்குப் பேச்சு வரவில்லை.

இறங்கும்போது ஓர் இன்பம் இருக்கிறது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூக்குச் சக்கரத்தின் அதிர்வைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, பஞ்சி கயிறு. இயற்கை ரப்பர் நூல்களை இழுத்துக் கட்டாகச் சேர்த்து, மேலே துணிப் பின்னல் போட்ட கயிறு. சக்கரம் தரையைத் தொட்டதும் அது நீண்டு கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். புல்லில் இறங்கினால் இன்னும் சுகம். விமானத் தரத்துக் கயிற்றின் பின்னலில் ஓடும் வண்ண நூல்கள் அது எந்த வருடம், எந்தக் காலாண்டில் செய்யப்பட்டது என்று சொல்லும். ரப்பர் முதுமையடையும் என்பதை ஒப்புக்கொண்டு, வயதை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையான பொருள்.

இனி இஞ்சின் ரப்பர்.

இந்த ரக விமானங்களில் வழக்கமாகப் பூட்டும் நான்கு சிலிண்டர் இஞ்சின்தான் என்னுடையதும். முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு 2000 மணி நேரம், அல்லது 15 ஆண்டு. அது நியாயம். ஆனால் ரப்பருக்கு மணி நேரக் கணக்கே கிடையாது. ஐந்தாண்டு ஆனால் மாற்ற வேண்டும். பயிற்சிப் பள்ளியில் தினமும் பறக்கும் இஞ்சினுக்கும் ஐந்தாண்டு, மாலை இடிமழைக்குப் பயந்து வாரக் கடைசிக் காலைகளில் மட்டும் பறக்கும் எனக்கும் ஐந்தாண்டு. கழற்றிய தண்ணீர்க் குழாய்களை வெட்டிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. எண்ணெய்க் குழாயும் அப்படியே. நன்றாக இருக்கும் பொருளைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே பொருளைக் கடல் தாண்டி வரவழைத்து, வெள்ளியை (ரிங்கிட்டை) எண்ணிக் கொடுப்பது வயிற்றெரிச்சலாக இருந்தது.

இங்கே எனக்கு இன்னொரு வலியும் உண்டு. அன்றைய பேராக் மாநிலத்தின் ரெசிடென்ட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் ரப்பர் விளைந்த நாடு இது. என் அம்மா இருட்டில் எழுந்து பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போனவர். மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் வழிந்த பாலையும் காய்ந்த கட்டிப்பாலையும் சுமந்தவர். அவர் பிள்ளை இன்று முழ நீள ரப்பர் குழாய்க்கு வெளிநாட்டு விலை கொடுக்கிறான்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் குழாயில் நம் மரத்து ரப்பரைப் பயன்படுத்த முடியாது. ஒரு ரப்பர் வளையத்தை பெட்ரோலில் ஊறப்போட்டுப் பாருங்கள், ஊதிப் பருத்து, தொட்டால் பிய்ந்து வரும். இரண்டும் ஹைட்ரோகார்பன், ஒன்று இன்னொன்றை உள்ளே விட்டுவிடும். அதனால் அங்கே நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான் போட வேண்டும். மரத்து ரப்பருக்கு வேறு இடம் இருக்கிறது. பெரிய விமானங்களின் டயரில் அதற்குத்தான் முக்கியப் பங்கு. என் மூக்குச் சக்கரத்திலும் அதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பில்லைப் பார்த்தால் கோபம் வருகிறது.

அப்புறம் பெரியப்பா வந்தார். தோட்டத்தில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதல் தரமா மூன்றாம் தரமா என்று கண்ணாலேயே சொல்லும் வேலை. மேசையில் பரப்பி வைத்திருந்த பழைய குழாய்களைப் பார்த்து, "இதையெல்லாம் ஏன்டா தூக்கிப் போடுற?" என்றார், என் மனசில் இருந்ததையே. எனக்கு ஆதரவாகப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அதற்குள் வலப்பக்கக் கார்புரேட்டரின் ரப்பர் கழுத்தை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் பின்னுக்கு வளைத்தார். அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, மயிரிழை மாதிரி வரிசையாக வெடிப்பு. நேராக வைத்தால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாய் திறக்கிறது. "நேரா வச்சுப் பாத்தா எல்லாம் ஒண்ணாம் நம்பர்தான். இது போச்சுடா," என்றார்.

அந்தக் கழுத்தில் கார்புரேட்டரின் முழு எடையும் தொங்குகிறது. இஞ்சின் நடுங்கும்போதெல்லாம் அடிப்பக்கம் இழுபடும். இழுபட்டே இருக்கும் ரப்பரைக் காற்றில் உள்ள ஓசோன் தின்னும். வெடிப்பு இழுவைக்குக் குறுக்கே வரும். அதோடு நம் வெயில். பறக்கும்போது காற்று ஓடுவதால் இஞ்சின் மூடிக்குள் சூடு தாங்கும்படி இருக்கும். இறங்கி இஞ்சினை நிறுத்தியதும் காற்றும் நின்றுவிடும், சூடு மட்டும் மேலே ஏறி உள்ளேயே தேங்கும். ரப்பருக்கு மோசமான நேரம் பறக்கும் நேரம் அல்ல, நின்ற பிறகு வரும் நேரம். வெடிப்பு முற்றினால் அந்தப் பக்கம் வெளிக்காற்றை உறிஞ்சும், கலவை மெலியும், இரண்டு சிலிண்டர்கள் தடுமாறும். அது ஓடுபாதையிலிருந்து கிளம்பி மரங்களுக்கு மேலே இருக்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

ஆக, ஐந்தாண்டு என்பது தேவையற்ற எச்சரிக்கை என்று இனி சொல்ல மாட்டேன். ஆனாலும் தண்ணீர்க் குழாய்க்கும் கார்புரேட்டர் கழுத்துக்கும் ஒரே தேதி என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒன்று சும்மா கிடக்கிறது, ஒன்று பாரம் தூக்குகிறது. கழுத்தை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருந்தால்கூட மனமாரச் செய்திருப்பேன். அதற்கு மேல், பொருள் அனுப்பிய முகவர் முதலில் தந்த கழுத்துகளில் அச்சாகியிருந்த உற்பத்தித் தேதியைப் பார்த்தால், பெட்டியிலேயே நெடுநாள் கிடந்து வயதானவை. திருப்பி அனுப்பி, வேறு வரவழைக்க மாதக்கணக்கில் காத்திருந்தேன். அதுவரை விமானம் ஹேங்கரில். அந்த மாதங்களில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா?

கார்புரேட்டரைத் திறந்ததோடு திறந்ததாக, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளையும் எடை பார்த்தேன். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் நகைக்கடைத் தராசைத்தான் நம்பினேன். கடைக்காரர் முதலில் விழித்தார், பிறகு எதற்கு என்று தெரிந்ததும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை நிறுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நான்கும் சரியாக இருந்தன.

எல்லாம் பூட்டி, இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு இழுக்கிறதா என்று வெற்றிட மீட்டர் வைத்துச் சரி செய்து, உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இஞ்சினை ஓட்டினேன். ஐடிலில், அதாவது இஞ்சின் மெதுவாக ஓடும்போது, பேனலைத் தட்டிக்கொண்டே இருந்த அந்த நடுக்கம் போயே போய்விட்டது. இத்தனை நாள் அதை இந்த விமானத்தின் சுபாவம் என்று நினைத்திருந்தேன். இப்போது எழும்பும்போது குரலே வேறு. பட்டறையில் கோபத்தோடு நின்றவன் மேலே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்: வாங்காதீர்கள். சட்டகம் அருமை, கட்டுவது ஆனந்தம், அனுமதி கிடைக்கும், பறப்பதை நான் எழுதிக் காட்ட முடியாது. ஆனாலும் இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்தாண்டுக்கு ஒரு முறை இந்த ரப்பருக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவர் இதைத் தொடக் கூடாது. ஒதுக்காமல் தள்ளிப் போடும் ஆசை வரும், எனக்கே வந்தது.

கேட்காமல் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், இதையாவது செய்யுங்கள். இறங்கி நின்றதும் இஞ்சின் மூடியைத் திறந்து வையுங்கள், சூடு வெளியே போகட்டும். ஒவ்வொரு குழாயிலும் பொருத்திய தேதியைப் பெயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஆண்டுச் சோதனையின்போது கழுத்துகளைக் கழற்றி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். கழுத்துகளை மட்டும் முன்கூட்டி வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். மாற்றப்போகும் நேரத்தில், தேதி பார்த்து வாங்குங்கள்.