ஏழு பேரின் சுட்டிகள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூனில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் இப்போது ஏழு பேர் இருக்கிறோம். சிறுகதை, கட்டுரை, பழைய நாளிதழ்ப் பக்கம், ஒலிப்பதிவு என்று இணையத்தில் கண்ட நல்லவற்றின் சுட்டிகளை, அதாவது இணைப்பு முகவரிகளை, 2008ஆம் ஆண்டிலிருந்து ஒரே இடத்தில் சேர்த்து வருகிறோம். அந்த ‘ஒரே இடம்’ இதுவரை மூன்று முறை மாறிவிட்டது. பதிந்து ஒரு வாரமான கையோடு எழுதப்படும் மதிப்புரைகள், சுட்டிகளைச் சேமித்துவைக்கும் இத்தகைய இணையச் சேவைகளுக்கு ஏராளமாக உள்ளன. நான் எழுத விரும்புவது, பல ஆண்டுகள் பலர் கைபட்டுப் புழங்கியபின் ஒரு சுட்டித் தொகுப்பு என்னவாகிறது என்பதைப் பற்றி.

எங்கள் தொடக்கம் டெலிஷியஸ். ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கி, 2005 டிசம்பரில் யாகூ வாங்கிக்கொண்ட சேவை அது. உலாவிக்குள் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி கிடந்த புத்தகக்குறிகளைப் பலரும் பார்க்கும் பட்டியலாக மாற்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. கோப்புறை கிடையாது, சுட்டிக்கு நாமே இடும் அடையாளச் சொற்களான குறிச்சொற்கள் மட்டுமே. ஒரு குறிச்சொல்லின் முன்னால் ‘ஃபார்’ என்பதையும் நண்பரின் பயனர்பெயரையும் சேர்த்துவிட்டால் சுட்டி நேரே அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்ற வசதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு சிக்கலும் இருந்தது. குறிச்சொற்களை அது இடைவெளியைக் கொண்டு பிரித்ததால், ‘சிங்கப்பூர்ச் சிறுகதை’ என்று தட்டச்சு செய்தால் அது இரண்டு குறிச்சொற்களாகப் பிளந்து, ‘சிங்கப்பூர்ச்’ என்ற ஒற்று மிகுந்த அநாதைச் சொல் ஒன்று பட்டியலில் தனியாக நின்றுகொண்டிருக்கும். எங்கள் குழுவில் முன்னாள் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் அவருக்கு ஏற்பட்ட வேதனையை இங்கே விவரிக்க இயலாது.

2010 டிசம்பரில், டெலிஷியஸை மூடவிருக்கும் சேவைகளின் வரிசையில் வைத்திருந்த யாகூவின் உள்சுற்றுக் காட்சிப்படம் ஒன்று கசிந்தது. உலகெங்கும் அதன் பயனர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள், நாங்களும் கட்டினோம். அன்றுதான் ஏற்றுமதிக் கோப்பு என்பதை முதன்முதலில் திறந்து பார்த்தேன். எந்தச் சேவையிலிருந்து வெளியேறினாலும் பெரும்பாலும் கிடைப்பது ஓர் எச்டிஎம்எல் கோப்புதான். அதன் தலைவரியில் ‘நெட்ஸ்கேப் புக்மார்க் ஃபைல் 1’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். நெட்ஸ்கேப் உலாவி மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அது வகுத்த வடிவம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சுட்டிக்கும் பக்கத்தில் பத்து இலக்க எண் ஒன்றைக் காணலாம். அது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் கணக்கு. அதாவது, அந்தச் சுட்டி எப்போது சேர்க்கப்பட்டது என்பதற்கான சான்று. சேவையை மாற்றும்போது இந்த எண் பிழைக்கிறதா, நாம் எழுதிய குறிப்பு பிழைக்கிறதா என்ற இரண்டையும் முதல் பத்துச் சுட்டிகளில் சோதித்துவிட்டுத்தான் மற்றவற்றை ஏற்ற வேண்டும். டெலிஷியஸ் பின்னர் கைமாறிக் கைமாறி, 2017இல் தனிமனிதர் ஒருவர் நடத்தும் பின்போர்ட் என்ற சேவையிடம் 35,000 அமெரிக்க டாலருக்கு வந்து சேர்ந்து, புதிதாக எதையும் சேர்க்க முடியாத காப்பகமாக நின்றது.

அடுத்து நாங்கள் நெடுங்காலம் இருந்தது டீகோவில். பக்கத்திலேயே வரிகளை வண்ணமிட்டு, ஓரத்தில் குறிப்பு ஒட்டி, அதைக் குழுவினரும் பார்க்கும்படி வைக்கலாம் என்பதால் நீண்ட கட்டுரைகளை விவாதிக்க அது ஏற்றதாக இருந்தது. அதற்குப் பின், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சேவையில் ஓராண்டு இருந்தோம். அங்கேதான் ‘தொன்மம்’ என்ற குறிச்சொல் பட்டியலில் இரண்டு முறை தோன்றியது; எழுத்து எழுத்தாக ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை. ஒகர உயிர்மெய்யை ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டு வழிகளில் சேமிக்கலாம் என்பது அப்போதுதான் புரிந்தது: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும் வேலையைச் சேவை செய்திருக்க வேண்டும், அது செய்யவில்லை. குழுவில் ஒருவரின் பழைய விசைப்பலகைச் செயலி இரண்டாம் வகையில் எழுதிக்கொண்டிருந்ததால், அவர் சேர்த்த ‘தொன்மம்’ மற்றவர்களின் தேடலில் அகப்படவே இல்லை. தமிழில் தொகுப்பு வைத்திருப்பவர்கள் ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்குமுன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இராது.

ஒரே பதிவு பல முகவரிகளில் வந்து சேர்வது இன்னொரு தொல்லை. பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களை வாசகர் இருக்கும் நாட்டுக்கேற்ற முகவரிக்கு மாற்றி அனுப்பும் ஏற்பாடு சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. நான் சேர்த்தால் முகவரியின் முடிவில் சிங்கப்பூர்க் குறி இருக்கும்; அப்போது சென்னையிலிருந்த எங்கள் உறுப்பினர் சேர்த்தால் இந்தியக் குறி இருக்கும்; கைப்பேசியிலிருந்து சேர்த்தவருடையதில் கேள்விக்குறியும் ‘எம்=1’ என்ற வாலும் ஒட்டியிருக்கும். சேவையின் பார்வையில் இவை மூன்று வெவ்வேறு பக்கங்கள். ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துவரும் முகவரிகளோடு தொற்றிக்கொள்ளும் நெடிய வாலும் இதே வகை. சேர்ப்பதற்கு முன் கேள்விக்குறிக்கு அப்பால் இருப்பதை நீக்கிப் பார்த்து, பக்கம் திறந்தால் அந்தச் சுருக்க வடிவத்தையே சேர்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

இப்போது இருப்பது ரெயின்டிராப். கட்டணமில்லாத கணக்கிலேயே சுட்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரு தொகுப்புக்குப் பிறரை அழைத்து, பார்க்க மட்டுமா திருத்தவுமா என்று உரிமை வகுத்துக் கொடுக்கலாம். பக்கங்களின் நிரந்தர நகல், முழுப் பக்கத்துக்குள் தேடுவது, உடைந்த சுட்டிகளையும் இரட்டைப் பதிவுகளையும் கண்டுபிடிப்பது ஆகியவை கட்டணக் கணக்குக்குரியவை. நான் ஒருவன் கட்டணம் செலுத்துகிறேன். மற்றவர்கள் கூட்டத்துக்கு வடையும் தேநீரும் கொண்டு வந்து கணக்கை நேர் செய்கிறார்கள். டெலிஷியஸிலிருந்து வந்தவர்களுக்கு இதில் பழகிக்கொள்ள வேண்டியது, ஒரு சுட்டி ஒரு தொகுப்புக்குள் மட்டுமே இருக்கும் என்பது. ஒரு நேர்காணலை ‘நேர்காணல்’ தொகுப்பில் வைப்பதா ‘நாடகம்’ தொகுப்பில் வைப்பதா என்று நாங்கள் பேசிக் கழித்த மாலைகள் உண்டு. இப்போது தொகுப்புகளைப் பத்துக்குள் சுருக்கிவிட்டு, மற்ற வேறுபாடுகளையெல்லாம் குறிச்சொற்களிடம் விட்டுவிட்டோம். எல்லாருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்த காலத்தில், ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தில் ஓர் உறுப்பினர் ஒரு தொகுப்பையே குப்பைக்கூடைக்கு அனுப்பிவிட்டார். அன்று மாலையே கவனித்து மீட்டுவிட்டோம் என்றாலும், அதன்பின் திருத்தும் உரிமை மூவருக்கு மட்டும் என்று ஆனது.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘சிங்கப்பூர்’ கட்டுரையின் முகவரியை நகலெடுத்து அங்கே ஒட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தச் சொல்லில் பதினொரு ஒருங்குறிக் குறியீடுகள் உள்ளன. முகவரியாக மாறும்போது ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது குறிகளாக விரிந்து, 99 குறிகள் கொண்ட சங்கிலியாகிறது. அதைப் பார்த்து அது எதைப் பற்றிய கட்டுரை என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே அது புதைந்தும் போகும்.

சுட்டிகள் சாகும் வேகத்தை நான் தொடக்கத்தில் குறைவாகவே மதிப்பிட்டிருந்தேன். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. எங்கள் பழைய பட்டியலோடு ஒப்பிட்டபோது எனக்கு அது மிகையாகப் படவில்லை. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேமிக்கும் ‘நூலகம்’ தளம், தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்மயத் தொகுப்புகள் போன்ற நிறுவனச் சுட்டிகள் பெரும்பாலும் நிற்கின்றன. தனிநபர்கள் சொந்தப் பெயரில் முகவரி வாங்கி நடத்திய இதழ்கள்தாம் முதலில் போகின்றன. அவை போகும் விதமும் நேர்மையானதாக இருப்பதில்லை. ஒரு நாள் எங்கள் குழுவின் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, மகளுக்கு அந்தக் கவிதை இணைப்பை அனுப்புனேன். திறந்தா சூதாட்ட விளம்பரம் வருதுன்னு சொல்றா. என்னைப் பத்தி என்ன நினைப்பா அவ?”

முகவரியைப் புதுப்பிக்கக் காலம் தவறியதால் வேறு யாரோ அதை வாங்கியிருந்தார்கள். உடைந்த சுட்டிகளைத் தேடும் கருவிக்கு அது உடைந்ததாகவே தெரியாது; பக்கம் திறக்கிறதல்லவா! ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, தனிநபர் தளங்களை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கையால் திறந்து பார்க்கிறோம். புதிதாகச் சேர்ப்பவற்றை, இணையப் பக்கங்களின் நகல்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் உடனே சேமித்து, நாளையும் நேரத்தையும் பதினான்கு இலக்கங்களாகத் தாங்கிய அந்த நகலின் முகவரியைக் குறிப்புக்குள் வைக்கிறோம்.

குறிப்பு என்று சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் வகுத்த விதிகளில் பலவற்றை நாங்களே மீறியிருக்கிறோம்; மீறாதது ஒன்று: இதை ஏன் வைக்கிறேன் என்று இரண்டு வரியாவது எழுதாமல் எந்தச் சுட்டியையும் சேர்க்கக் கூடாது. காணாமற்போன ஒரு கட்டுரைக்கு எங்களிடம் எஞ்சியிருக்கும் குறிப்பு இது: ‘தஞ்சோங் பகார் ரயில்வே குடியிருப்புத் தமிழர்கள் பற்றியது. மூன்றாம் பத்தியிலுள்ள கடைப் பட்டியலை அப்பா பார்த்துச் சரி என்றார்.’ கட்டுரையாசிரியரை வேறு வழியில் தேடிக் கண்டுபிடித்து, அவரிடமிருந்தே கட்டுரையைப் பெற அந்த இரண்டு வரிதான் உதவியது. குறிப்பே இல்லாமல் 2009இல் நான் அவசரத்தில் சேர்த்த சுட்டிகள் பலவற்றை இன்று திறக்கவும் முடியவில்லை, அவை என்னவாக இருந்தன என்று நினைவும் இல்லை.

பிறகு படிப்பதற்கெனப் பக்கங்களைச் சேமிக்க உதவிய பாக்கெட் சேவையை 2025 ஜூலை 8இல் மொசில்லா நிறுவனம் மூடியபோது, ஏழாவது உறுப்பினர் தம் ஏற்றுமதிக் கோப்போடு எங்களிடம் வந்தார். தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொல், படித்தாரா இல்லையா என்பது வரை அதில் இருந்தது. ஏன் சேர்த்தார் என்பதற்கு மட்டும் இடமில்லை. அவற்றை மொத்தமாக ஏற்ற நாங்கள் சம்மதிக்கவில்லை. கூட்டத்துக்கு ஐந்து என்ற கணக்கில் குறிப்பு எழுதிச் சேர்த்து வருகிறார்.

இப்போது எங்களிடையே தீராமல் இருப்பது, தொகுப்பைப் பொதுவில் திறப்பதா என்ற கேள்வி. ஒரு பொத்தானை அழுத்தினால் யாரும் பார்க்கும் பக்கமாகிவிடும். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் எங்கள் குறிப்புகளில் சில, இவ்வூரில் வாழும் எழுத்தாளர்களைப் பற்றிச் சற்றுக் கூர்மையாகவே எழுதப்பட்டவை. அவர்களை நாங்கள் அடுத்த நூல் வெளியீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதோ சந்தித்தே தீர வேண்டும். அத்தகைய குறிப்புகளுக்கு ‘வீட்டுக்குள்’ என்று ஒரு குறிச்சொல் இட்டு, மென்மையாகத் திருத்தி எழுதும் பொறுப்பைத் தமிழாசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறோம். இதுவரை அவர் திருத்தியவற்றில் ஒற்றுப்பிழைகள் நீங்கியிருக்கின்றன, கூர்மை கூடியிருக்கிறது.