கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள்: பிபிசியின் ‘டென் பீசஸ்’ பற்றி ஓர் ஆசிரியையின் மதிப்புரை

ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா இசையை அறிமுகப்படுத்த பிபிசி 2014இல் தொடங்கிய ‘டென் பீசஸ்’ என்னும் இலவசச் சேவையை மூன்று கல்வியாண்டுகளாக என் வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். பத்து இசைப்படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிமுகப் படம், வாத்தியக் குழு வாசிக்கும் காணொளிப் பதிவு, ஆசிரியருக்கான பாடத்திட்டம் ஆகியவற்றை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 2015இல் மேல்வகுப்பு மாணவர்களுக்காக இரண்டாம் தொகுதி வந்தது. அதற்குப் பின்னும் படைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. நான் இங்கே எழுதுவது முதல் பத்தைப் பற்றி மட்டுமே. அதிலும், சொற்களின் துணையின்றி வாத்தியங்கள் எப்படிக் கதை சொல்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்க இது எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றி.

நான் இசை ஆசிரியை அல்ல. லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றதைத் தவிர, ஓபோ, கிளாரினெட் என்ற ஊதுவாத்தியங்களுக்குள் வேறுபாடு தெரியாமலேயே இந்தச் சேவைக்குள் நுழைந்தேன். இந்நாட்டில் தொடக்கப் பள்ளிகளில் இசைப் பாடம் பெரும்பாலும் என்னைப் போன்ற பொதுவான வகுப்பாசிரியர்களின் கையில்தான் இருக்கிறது என்பதால், இந்தத் தகுதிக் குறைவையே என் மதிப்பீட்டின் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் ‘மலையரசனின் மண்டபத்தில்’ என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இப்சனின் ‘பேர் கிந்த்’ நாடகத்துக்காக எழுதப்பட்டு, 1876இல் அந்நாடகம் மேடையேறியபோது முதன்முதலாக ஒலித்த இந்த இசை மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. அதில் இருப்பது ஏறத்தாழ ஒரே மெட்டுத்தான். வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் வில்லைத் தொடாமல் விரலால் தந்தியைச் சுண்ட, அடிக்குரல் ஊதுவாத்தியமான பஸூன்கள் சேர்ந்துகொள்ள, அடிக்குரலில் பதுங்கிப் பதுங்கி அந்த மெட்டுத் தொடங்குகிறது. பிறகு அதே மெட்டு மேல் சுருதிக்கு ஏறுகிறது, வேறு வாத்தியங்களின் கைக்கு மாறுகிறது, சத்தம் கூடுகிறது, காலம் விரைகிறது. இறுதியில் முழுக் குழுவும் சேர்ந்து இடி இடிப்பதுபோல் முடிகிறது. ஒரு கதையை நகர்த்த இசையிடம் என்னென்ன கருவிகள் உண்டு என்பதை, மெட்டு மாறாமல் மற்ற அனைத்தும் மாறும் இந்தப் படைப்பைப் போல் தெளிவாகக் காட்டுவது அந்தப் பத்தில் வேறொன்றும் இல்லை.

ஆனால் முதலாண்டில் நான் இதை வீணடித்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அறிமுகப் படத்தை முதலில் போட்டேன். பூதங்களின் அரசன், அவன் மண்டபத்துக்குள் அகப்பட்ட இளைஞன், துரத்தும் பூதங்கள் என்ற கதை பிள்ளைகளின் மனத்தில் பதிந்தது. அதன்பின் இசையைக் கேட்டபோது அவர்கள் பூதங்களைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. “என்ன கேட்டது?” என்று வினவினால், “பூதம் ஓடியது, மிஸ்” என்ற ஒரே பதில்தான் முப்பது வாய்களிலிருந்தும் வந்தது. மறு ஆண்டு, தலைப்பையும் மறைத்து, விளக்கை அணைத்து, ஒலியை மட்டும் போட்டேன். யாரோ படிக்கட்டில் ஏறுகிறார்கள் என்றாள் ஒருத்தி. பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது, முதலில் நடக்கிறோம், பிறகு ஓடுகிறோம் என்றான் இன்னொருவன். எறும்புகள் என்றது ஒரு குரல். எல்லோருடைய கதையிலும் ஏதோ ஒன்று சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகி, கட்டுக்கு மீறிப் போயிற்று. அது ஏன் என்று கேட்டபோதுதான் வகுப்பு உண்மையில் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கியது: தொடக்கத்தில் மெதுவாக இருந்தது, தடித்த குரலாக இருந்தது, பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், கடைசியில் நிறுத்தி நிறுத்தி அடித்தார்கள். பூதங்களின் கதையை, மூன்றாம் தடவை இசையைக் கேட்பதற்கு முன்னர்தான் சொன்னேன். அதைத் தங்கள் கதைகளுள் ஒன்றாக அவர்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே இச்சேவையைப் பயன்படுத்த எண்ணும் எந்த ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நான் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: படத்தைக் கடைசியில் போடுங்கள். படங்கள் அழகானவை, தொகுப்பாளர்கள் உற்சாகமாகப் பேசுகிறார்கள், ஆனால் அறிமுகம் என்பதாலேயே அவை கதையை முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன, கண் முந்திக்கொண்டதும் காது ஓய்ந்துவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்க இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1958 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் சிறுவர்களுக்காக நடத்திய தொலைக்காட்சிக் கச்சேரியில், இசையின் பொருள் என்ன என்ற வினாவையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். ரொசீனியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையை வாசித்துக் காட்டி, இது எதைப் பற்றியது என்று கேட்டபோது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அந்த இசையைக் கேட்டுப் பழகியிருந்த சிறுவர்கள் அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளின் குதிரைவீரர்களைச் சொன்னார்கள். பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் கிஹோட்டே’ இசைக்குச் சூப்பர்மேன் கதை ஒன்றைத் தாமே புனைந்து சொன்னார், அதுவும் பொருந்தியது. கதை மாறினாலும் இசை அசையாமல் நிற்கிறது என்பதே அவர் காட்ட விரும்பியது. பெர்ன்ஸ்டைன் அதிலிருந்து கதையே இசையின் பொருள் அல்ல என்ற முடிவுக்குப் போகிறார். நான் அவ்வளவு தொலைவு போக மாட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கதை என்பது இசைக்குள் நுழையும் வாசல். அந்த வாசலை நாம் திறந்துகாட்டாமல் பிள்ளையே தள்ளித் திறக்கட்டும் என்பதே என் கட்சி.

பத்தில் என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது பெஞ்சமின் பிரிட்டனின் ‘புயல்’. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக்கின் லோவெஸ்டாஃப்டில் கடலைப் பார்த்து வளர்ந்த பிரிட்டன், 1945இல் அரங்கேறிய ‘பீட்டர் கிரைம்ஸ்’ என்னும் ஓப்பராவுக்காக (பாடல்களாலான இசை நாடகம்) எழுதிய கடல் இடையிசைகளில் இது ஒன்று. டிம்பனி என்னும் பெருமுரசும் பித்தளை வாத்தியங்களும் அலையாக வந்து மோத, இடையில் சற்றே புயல் தணிந்து, வயலின்கள் உயரே எழும் ஏக்கமான ஒரு வரியை வாசிக்கின்றன. அந்த வரி, ஊராரால் ஒதுக்கப்பட்ட மீனவன் கிரைம்ஸ், தனக்கு அமைதி தரும் துறைமுகம் எங்கே இருக்கிறது என்று ஓப்பராவில் பாடுவது. இதை எதையும் சொல்லாமல் கேட்கவைத்தபோது, அதிகம் பேசாத ஒரு பிள்ளை கையை உயர்த்தி, “நடுவில் ஒருவர் தனியாக இருக்கிறார், மிஸ்” என்றாள். கடலில் தொழில் செய்தவர்களின் குடும்பத்தில் பிறந்த எனக்கு அன்று சிறிது நேரம் பாடத்தைத் தொடர முடியவில்லை. ஓப்பராவின் முழுக் கதை கொடியது, அதில் சிறுவர்கள் இறக்கிறார்கள். அதை இந்த வயதில் சொல்ல வேண்டியதில்லை. புயல் வெளியே மட்டும் அடிக்கவில்லை, ஒரு மனிதனின் உள்ளேயும் அடிக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ வேறொரு வகையில் பயன்பட்டது. சூனியக்காரிகளின் கூட்டத்தைச் சித்திரிக்கும் இதை அவர் 1867இல் எழுதினார். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் அது வாசிக்கப்படவில்லை. இன்று நாம் வழக்கமாகக் கேட்பது, அவர் மறைவுக்குப் பின் இன்னொரு இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1886இல் அமைத்த வடிவம். அந்த வடிவத்தில் ஆரவாரத்தின் உச்சியில் கோயில் மணி ஒலிக்கிறது. கிளாரினெட்டும் புல்லாங்குழலும் தனித்து வாசிக்க, பொழுது விடிகிறது. முசோர்க்ஸ்கியின் 1867ஆம் ஆண்டு வடிவத்தில் இந்த அமைதியான விடியல் இல்லை. “விடியாமலே முடிந்தால் கதை என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கதையின் முடிவு அதன் முன்பகுதியையும் மாற்றிவிடும் என்பதை மொழிப் பாடத்தில் ஒரு மாதம் முயன்றும் விளக்க முடியாத நான், இங்கே பத்து நிமிடத்தில் விளக்கினேன்.

ஹோல்ஸ்டின் ‘செவ்வாய்’ பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு. போரைக் கொண்டுவருபவன் என்ற துணைத்தலைப்புடைய இந்தப் படைப்பை 1914இல் எழுதிய ஹோல்ஸ்ட், லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பல்லாண்டுகள் இசை கற்பித்தவர். தொடக்கத்தில் வயலின்காரர்கள் வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்டுகிறார்கள். தாளம் விடாப்பிடியாக ஐந்தைந்தாகச் செல்கிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய வகுப்பு இதில் தடுமாறியது. “தகிட தக, தகிட தக” என்று சொல்லிக் கைதட்டச் சொன்னேன். வகுப்பு முழுவதும் இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஐந்தாக இருப்பதால்தான் இதற்கு ஒழுங்காக அடியெடுத்து நடக்க முடியவில்லை என்றும், அதனால்தான் பயமாக இருக்கிறது என்றும் ஒரு மாணவன் எழுந்து நடந்தே காட்டினான். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நெருப்புப் பறவை’ இறுதிப் பகுதியில், ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியம் தனித்து வாசிக்கும் அமைதியான மெட்டு முடிவில் ஏழு எண்ணிக்கைத் தாளத்துக்கு மாறி வெற்றிக் கொண்டாட்டமாவதையும் இதே முறையில் சொல்லிக்கொடுக்கலாம்.

மற்றவற்றுக்குக் கதையோடு அவ்வளவு உறவில்லை. ஹார்னை முன்னிறுத்திக் குழு வாசிக்கும் மொசார்ட்டின் ஹார்ன் கான்சர்ட்டோ வேட்டைக்குதிரையின் துள்ளலைக் காட்டி நின்றுவிடும். ஹாண்டலின் ‘ஜேடாக் த பிரீஸ்ட்’ 1727இல் பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டுக்காக எழுதப்பட்டது. பாடகர்கள் வாய் திறக்கும்வரை வயலின்கள் நம்மைக் காக்கவைக்கும் விதத்துக்காக மட்டும் ஒரு பாடவேளை கொடுக்கலாம். ஜான் ஆடம்ஸின் படைப்பு வேகம் பற்றியது. அன்னா மெரெடித்தின் ‘கனெக்ட் இட்’ வாத்தியமே இல்லாமல் உடலையே கொட்டுவது, பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு, விதி கதவைத் தட்டுகிறது என்ற நம்பத்தகாத பழங்கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று குறிலும் ஒரு நெடிலுமான அந்த ஒலிக்கு அது தேவையே இல்லை.

பாடத்திட்டங்கள் நேர்மையாகத் தயாரிக்கப்பட்டவை. கேட்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் குழுவாகத் தங்கள் சொந்த இசையை உருவாக்கி வாசிப்பதில் முடிகின்றன; இசைக்குறியீடு தெரியாத ஆசிரியரும் பின்பற்றும் எளிய மொழியில் உள்ளன. ஆனால் தட்டு வாத்தியங்கள் போதிய அளவில் இருக்கும் ஒரு வகுப்பறையையும், தாராளமான பாடவேளையையும் அவை எதிர்பார்க்கின்றன. வாத்தியங்கள் போதாதபோது மேசையும் பென்சிலும் தண்ணீர்ப் போத்தலும் போதும். அனைத்தும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. எனினும் ஒலியை முதலில் கேட்கும் முறையில் மொழி குறுக்கே நிற்பதில்லை என்பதால், வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்துகூட இதைச் செய்யலாம்.

நடைமுறையில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் கிரீக்கின் தொடக்கம் கேட்காது. நான் முதல் நாள் அதைப் போட்டபோது, அரை நிமிடம் வரை எதுவும் வரவில்லை என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். பதுங்கல் இல்லாமல் பாய்ச்சல் மட்டும் கேட்டால் அங்கே கதையே இல்லை. பள்ளி மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கியை இரவல் வாங்கிய பின்னரே அந்தச் செல்லோக்கள் அறைக்குள் வந்தன. வீட்டில் செய்பவர்கள் நல்ல ஹெட்ஃபோனாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற கோடையில் என் வகுப்பின் ஒரு குழு, இரவில் தோட்டத்துக்கு வந்து குப்பைத்தொட்டியைக் கிளறும் நரியைப் பற்றி இசை அமைத்தது. விரல்நுனிகளால் மேசையைத் தொட்டுத் தொடங்கி, சைலஃபோனில் மூன்றே சுரங்களை மெல்ல விரைவாக்கிக்கொண்டு போய், தகர மூடி ஒன்றைத் தரையில் போட்டு, அதன்பின் நான்கு எண்ணிக்கைக்கு எதுவும் ஒலிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள்; அந்த மௌனத்தில்தான் வீட்டுக்காரர் விளக்கைப் போடுகிறார் என்பது அவர்கள் கணக்கு. பக்கத்து வகுப்பை அழைத்துத் தலைப்புச் சொல்லாமல் வாசித்தோம். பூனை என்றார்கள், திருடன் என்றார்கள், ஒளிந்து விளையாடும் தம்பி என்றார்கள். நரி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு எண்ணிக்கையில் அது பிடிபட்டுவிட்டது என்பதை எல்லோரும் சொன்னார்கள்.