ஒசாகா–கியோட்டோ: தனியாகப் போகிறவருக்கு ஹான்க்யூ ரயில்தான்

ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு ரயிலில் போக நான்கு வழி இருக்கிறது. நான்கிலும் ஏறிப் பார்த்தாயிற்று. முதுகில் ஒரு பை, கூட யாரும் இல்லை, பெரிய அவசரமும் இல்லை என்றால் யோசிக்காமல் ஹான்க்யூ என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலில் ஏறுங்கள். காரணம் எளிது: உட்கார இடம் கிடைக்கும், அதுவும் ஜன்னலோரத்தில்.

முதலில் புல்லட் ரயிலைக் கழித்துவிடுவோம். கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், சரிதான். ஆனால் அதில் ஏற வேண்டியது ஷின்-ஒசாகா என்ற வேறு ஸ்டேஷனில். நீங்கள் தங்கியிருப்பது ஒசாகாவின் மையப் பகுதிகளான உமேடா பக்கமோ நம்பா பக்கமோ என்றால் அங்கே போய்ச் சேரவே தனி நேரம் பிடிக்கும். டிக்கெட் 1,400 யென்னுக்கு மேல். சீட்டில் சாய்ந்து உட்காருவதற்குள் இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். இந்தத் தூரத்துக்காக ஜே.ஆர். பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வேஸ் வண்டிகளில் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் பாஸ், வாங்குவது அதைவிட வீண். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 ஆகிவிட்டது. இன்னும் சில டிராவல் ஏஜென்ட்டுகள் பழக்க தோஷத்தில் அதை எல்லார் தலையிலும் கட்டுகிறார்கள். ஹான்க்யூவில் அந்தப் பாஸ் செல்லவும் செல்லாது.

அடுத்து ஜே.ஆரின் ஷின்-கைசோகு என்ற விரைவு வண்டி. ஒசாகா ஸ்டேஷனிலிருந்து கியோட்டோ ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம்தான், கட்டணம் 600 யென்னுக்குள், வேகம் 130 கிலோமீட்டர் வரை போகும். நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதுதான் சரி. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து வேறு ரயில் பிடிக்க வேண்டியிருந்தாலும் இதுவே. ஆனால் இது ஹிமேஜி, கோபே என்று மேற்கே இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி. ஒசாகா அதற்கு நடுவழி. நிறையப் பேர் இறங்குவார்கள், அதே அளவு பேர் ஏறுவார்கள். வரிசையில் முன்னால் நிற்காவிட்டால் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். மாலை நேரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹான்க்யூவில் அந்தப் பேச்சே இல்லை. ஒசாகா-உமேடாதான் அதற்குத் தொடக்க நிலையம். காலி வண்டி வந்து நிற்கும். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகத் தண்டவாளங்கள் வந்து முட்டி நிற்கும் பெரிய ஸ்டேஷன் அது. கியோட்டோ வண்டிகள் 1, 2, 3-இல். ஒன்றை விட்டால் அடுத்தது, மெதுவாக வரிசையில் நில்லுங்கள். பெட்டிக்கு வெளியே பளபளக்கும் கருஞ்சிவப்பு, உள்ளே மர வேலைப்பாடு போன்ற சுவர், அங்கோரா ஆட்டு முடியில் நெய்த ஆலிவ் பச்சை சீட். கையால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுவழு, எதிர்ப்பக்கம் சொரசொர. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இருவர் இருவராக உட்காரும் சீட், முதுகுச் சாய்வைப் பிடித்துத் தள்ளினால் திசை மாறிவிடும். கதவோரச் சீட்டுகள் மட்டும் அசையாது.

இத்தனைக்கும் எக்ஸ்பிரஸுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கியோட்டோவில் ஹான்க்யூவின் கடைசி நிலையமான கவாராமாச்சி வரை 47.7 கிலோமீட்டர், நான் போனபோது 410 யென், ஏறத்தாழ 43 நிமிடம். இக்கோகா என்ற ரயில் கார்டு இருந்தால் ஸ்டேஷன் கேட்டில் தட்டிவிட்டுப் போகலாம். அதன் விலை 2,000 யென், அதில் 500 முன்பணம், மீதி 1,500 பயணத்துக்கு. 2024 கடைசியிலிருந்து வங்கி கார்டையே கேட்டில் தட்டும் வசதியும் ஹான்க்யூவில் வந்துவிட்டது. இருந்தாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

வண்டி கிளம்பியதும் போனை எடுக்காதீர்கள். கியோட்டோ, தகராசுகா, கோபே என்று மூன்று தடங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி யோடோ ஆற்றைத் தாண்டும். ஒரே நேரத்தில் கிளம்பிய வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு பாலத்தில் போவதைப் பார்ப்பது தனி சுகம், பக்கத்து வண்டியில் பேப்பர் படிக்கிறவர் முகம்கூடத் தெரியும். அப்புறம் கொஞ்ச நேரம் அடுக்குமாடிகள், சைக்கிள் ஸ்டாண்டுகள், பார்க்க ஒன்றுமில்லை. தகாட்சுகி தாண்டியதும் மலை நெருங்கி வரும். இடப்பக்கம் டென்னோசான் மலை, வலப்பக்கம் மூன்று ஆறுகள் கூடும் இடம். அந்த இடுக்கில்தான் எல்லாத் தடங்களும் நுழைய வேண்டும். புல்லட் ரயில் பாதை ஹான்க்யூவை ஒட்டியே ஓடுவதும் இங்கேதான். 1963-இல் ஹான்க்யூ தன் தண்டவாளத்தை உயர்த்திக் கட்டியபோது, இன்னும் திறக்காத அந்தப் புல்லட் பாதையில் சில மாதம் தன் வண்டிகளை ஓட்டியது. இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்று. புல்லட் ரயிலே அதில் ஓட ஆரம்பித்தது 1964-இல்தான். எனக்கு ஜப்பான் ரயில் கதைகளில் பிடித்தது இது.

தனியாகப் போவதில் இன்னொரு வசதி, நினைத்த இடத்தில் இறங்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசி என்றால் நாகாஓகா-டென்ஜினில் இறங்கிக் கோயில் குளக்கரையில் பூத்துக் கிடக்கும் அசேலியாவைப் பாருங்கள். அராஷியாமா என்ற சுற்றுலா இடத்துக்குப் போக கட்சுராவில் வண்டி மாற வேண்டும்.

பெண்கள் கவனத்துக்கு: வார நாட்களில் எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டி பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத் தரையிலேயே இளஞ்சிவப்பில் குறி போட்டிருப்பார்கள். இன்னும் நிம்மதி வேண்டுமானால் 2024 ஜூலையில் வந்த பிரைவேஸ் என்ற சிறப்புப் பெட்டி. கூடுதலாக 500 யென், முன்பதிவு கட்டாயம். ஒரு பக்கம் ஒற்றைச் சீட் வரிசை, பக்கத்தில் யார் வந்து உட்காருவாரோ என்ற கவலை இல்லை. டிக்கெட்டைவிட அது அதிகம் என்பதால் தினமும் கட்டுப்படியாகாது.

குறை இல்லாமல் இல்லை. ஹான்க்யூ கியோட்டோ ஸ்டேஷனுக்குப் போகாது. பெரிய பெட்டி வைக்க இடமும் கிடையாது, அதனால் சூட்கேஸோடு இடம் மாறும் நாளில் ஜே.ஆர்.தான். ஃபுஷிமி இனாரி கோயில் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நான்காவது வழியான கெய்ஹான் தடம் வசதி, அதில் மாடிப் பெட்டி வைத்த வண்டிகளும் உண்டு. ஆனால் அதன் எக்ஸ்பிரஸ் இனாரியில் நிற்காது, நடுவில் மாற வேண்டும்.

கவாராமாச்சியில் மேலே ஏறினால் ஷிஜோ தெரு. நிஷிகி சந்தை, கமோ ஆறு, கியோன் என்ற பழைய பகுதி எல்லாம் நடக்கும் தூரம். திரும்பும்போதும் அதே லாபம்தான்: கியோட்டோ ஸ்டேஷனில் ஜே.ஆர். வண்டி பிவா ஏரிப் பக்கமிருந்தே நிரம்பி வரும், கவாராமாச்சியில் ஹான்க்யூ காலியாக நிற்கும். நாளெல்லாம் கோயில் படி ஏறிய காலுக்கு அந்த சீட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஏறி உட்கார்ந்தால் தெரியும்.