பிள்ளையின் அணிக்குப் பயிற்சியாளர் யார்: அப்பாவா, கிளப் அண்ணனா, அகாடமியா?

குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஒரு பையனுக்குக் கால்பந்து பழக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தத் தெருவிலும் ஒரு பழைய ஆட்டக்காரர் இருப்பார். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து வரை போனபின் பெற்றோருக்கும் ஆசை கூடிவிட்டது. யாரிடம் விடுவது என்பதில்தான் குழப்பம். என் மகன் 10 வயதுக்கு உட்பட்டோர் அணியிலும் மகள் 13 வயதுக்கு உட்பட்டோர் அணியிலும் ஆடுகிறார்கள். இரண்டுக்கும் பயிற்சி கொடுத்து விசில் ஊதுகிறவன் நான். எனவே முழு நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அப்பாதான் சரி. எட்டு வயதுப் பையனுக்கு ஆட்ட நுணுக்கத்தைவிட ஷூ கயிறு கட்டிவிடவும், அழுதால் ஓரமாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுக்கவும் ஆள் வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்களும் எட்டாத உயரத்தில் இல்லை. மிகச் சிறியவர்களுக்கு 3-ஆம் எண் பந்து, 12 வயது வரை 4, அதற்கு மேல் 5. தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதில் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 10 வயது வரை அதைத் தடுத்து 2015-இலேயே விதி அறிவித்தது. இன்னும் ஆழமாகப் படிக்க நினைப்பவருக்கு பயிற்சியாளர்களுக்கென்றே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமப் பயிற்சி இருக்கிறது.

பிள்ளை வளர வளர அப்பாவின் கஷ்டம் தொடங்குகிறது. மகளை முன்வரிசையில் நிறுத்தினால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் பெற்றோரின் பார்வை மாறும். அதற்குப் பயந்து வெளியே உட்கார வைத்தால், அவளுக்கு அநியாயம். நான் கண்டுபிடித்த வழி ஒன்றே: யார் எத்தனை நிமிடம் ஆடுவது, யார் எப்போது வெளியே வருவது என்று முந்தின இரவே ஒரு தாளில் எழுதி, ஆட்டத்துக்கு முன் கம்பத்தில் ஒட்டிவிடுவேன். முதலில் வெளியே உட்காரும் முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றி வரும், என் பிள்ளைகளுக்கும் சேர்த்து. முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எந்தத் தாளாலும் தீராது.

அதைவிடப் பெரிய தலைவலி வீடு திரும்பும் ஸ்கூட்டர் பயணம். தோற்ற ஆட்டத்தை அலசப் பயிற்சியாளருக்கு நாக்கு துடிக்கும். பின்சீட்டில் இருப்பது மகள். சோறு உண்டு முடிக்கும்வரை அவளாக எடுத்தாலொழிய ஆட்டத்தைப் பற்றிப் பேச்சில்லை என்பது என் மனைவி போட்ட சட்டம். நல்ல சட்டம்.

ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டே பிள்ளைகளையும் பழக்கும் அண்ணன்மாரிடம் இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்று. பந்தை நிறுத்துவது, திரும்புவது, இடம் பார்த்து ஓடுவது எல்லாவற்றையும் செய்து காட்டவே முடியும். என் முழங்கால் இப்போது அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஆனால் திருவிழாப் போட்டி நெருங்கினால் கோப்பை ஆசை தலைக்கேறிவிடும். உயரமான நாலு பையன்கள் முழுநேரமும் ஆடுவார்கள், குட்டையானவன் வேடிக்கை பார்ப்பான். ஒன்பது வயதில் அது பெரிய அநியாயம். பதினான்கில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நாகர்கோவில் அகாடமி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம், பஸ், வீடு திரும்பும்போது இருட்டு. அரசு விளையாட்டு விடுதிக்கு ஏழாம், எட்டாம் வகுப்பில் தேர்வுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படலாம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பணமும் தூக்கமும்தான் நஷ்டம்.

என் கட்சி நாலாவது வழி: மாற்றிக்கொள்வது. பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு ஆனதும் என் மகளின் அணியைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கட்டும், அவர் மகனின் அணியை நான் பார்க்கிறேன். களத்தில் அவள் அவரை 'மாமா' என்று கூப்பிடுவாள், திட்டினால் வாங்கிக்கொள்வாள். அதே திட்டு என்னிடமிருந்து வந்தால் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் 1939-இல் சிறுவர் பேஸ்பாலுக்காக லிட்டில் லீக்கைத் தொடங்கிய கார்ல் ஸ்டாட்ஸ்கூட அதைச் சொந்தப் பிள்ளைக்காக அல்ல, தன் உறவுப் பையன்கள் இருவருக்காகத்தான் ஆரம்பித்தார்.

எங்கள் கரையில் இந்த மாற்றுக்கு ஒரு இடைஞ்சல் உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் அப்பாமார் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை; அந்த இரண்டு மாதம்தான் அவர்கள் கையில் இருக்கும், அதுவும் தென்மேற்குப் பருவமழையில் களம் சேறாகக் கிடக்கும் காலம். ஆகவே ஓர் அணிக்கு இரண்டு பேர் தேவை: கடலுக்குப் போகாத ஒருவர் ஆண்டு முழுக்க, கடலுக்குப் போகிறவர் தடைக்காலத்தில் துணைக்கு. எங்கள் அணியில் அந்த முதல் ஆள் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது கடைக்காரர். பெண்பிள்ளைகள் அணிக்கு ஒரு அம்மாவும் கூட இருப்பது நல்லது. பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள்.