போகிமான் கோ ரெய்டு: கேம் எடுத்துத் தரும் அணியை எதுவரை நம்பலாம்?

போகிமான் கோ மொபைல் கேமில் பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை வீழ்த்தும் போர்தான் ரெய்டு. அதன் காத்திருப்பு அறையான லாபிக்குள் நுழைந்ததுமே ஆறு போகிமான்களைக் கேமே வரிசைப்படுத்தி வைத்துவிடும். வீழ்த்த வேண்டிய அந்தப் போகிமான்தான் பாஸ்: 1 நட்சத்திர பாஸுக்கு 600 எச்பி (உயிர்ப்புள்ளி), 3 நட்சத்திர பாஸுக்கு 3,600 எச்பி. அந்த அளவுக்கு இந்த அணி தாராளமாகப் போதும். 5 நட்சத்திரத்துக்கு வந்தால் கதை வேறு. 15,000 எச்பியை 300 விநாடிக்குள் கரைக்க வேண்டும். அதாவது எல்லாரும் சேர்ந்து விநாடிக்கு 50 டேமேஜ். மூன்று பேர் மட்டும் நின்றால் ஆளுக்கு 17 விழுந்தாக வேண்டும். தானியங்கித் தேர்வு சறுக்குவது இங்கேதான்.

சிபி (மொத்த பலத்தைக் காட்டும் எண்) அதிகமாக இருப்பதையும், அடி தாங்கி நெடுநேரம் நிற்பதையும் முன்னால் தள்ளுவது இதன் பழைய பழக்கம். டிராகன், ஃப்ளையிங் என இரண்டு டைப் (வகை) கொண்ட பாஸ் ரெக்குவாசாவுக்கு எதிரே ஆக்ரான் என்ற போகிமான் வந்து நிற்பது அப்படித்தான். டிராகன், ஃப்ளையிங் இரண்டு அடியையும் அது நன்றாகத் தாங்கும், சட்டென்று விழாது. ஆனால் அதன் அடிப்படை அட்டாக் 198தான், மாமோஸ்வைனுக்கு 247. ஆக்ரானின் ஹெவி ஸ்லாம் ரெக்குவாசாவைச் சாதாரண அடியாகத்தான் தொடும். டிராகன், ஃப்ளையிங் இரண்டுக்குமே ஐஸ் ஆகாது என்பதால் மாமோஸ்வைனின் அவலாஞ்ச் 2.56 மடங்காக இறங்கும். விழாமல் நின்றும் நேரம் முடிந்துபோனால் அது தோல்விதான்.

டைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு மூவை (தாக்கும் முறையை) பார்க்க மறப்பது இதைவிடப் பெரிய ஓட்டை. அதே மாமோஸ்வைனிடம் மட் ஸ்லாப் இருந்தால், கிரவுண்ட் அடி ஃப்ளையிங் மேல் 0.39 மடங்குதான். பவுடர் ஸ்னோ 2.56. ஒரே போகிமான், ஒரே சிபி, பெருக்கத்தில் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அடிக்கடி அடிக்கும் ஃபாஸ்ட் மூவ், ஆற்றல் சேர்த்து வீசும் சார்ஜ்டு மூவ் இரண்டும் பாஸுக்கு ஆகாத டைப்பாகவும், போகிமானின் சொந்த டைப்பாகவும் இருக்க வேண்டும். சொந்த டைப்புக்கு 1.2 மடங்கு கூடுதல்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது பாஸின் சார்ஜ்டு மூவ். லாபியில் அது தெரியாது. போரில் பாஸ் முதல்முறை அதை வீசும்போது பெயர் திரையில் வரும். அந்த ரெய்டு முடியும்வரை மூவ் மாறாது. வெளியேறி அதே ரெய்டுக்குள் திரும்ப நுழைய இன்னொரு ரெய்டு டிக்கெட்டும் செலவாகாது. ஆகவே தொடக்கத்திலேயே கவனித்து அணியை மாற்றிக்கொள்ளலாம்.

மியூட்டூவை எடுத்துக்கொள்ளுங்கள். பக், கோஸ்ட், டார்க் மூன்றும் அதற்கு ஆகாது. கோஸ்ட் மூவான ஷேடோ பால் வைத்திருந்தால் ஹைட்ரைகான் போன்ற டார்க் போகிமான்கள் தாங்கும், கோஸ்ட் போகிமான்கள் சரிந்துவிடும். ஃபைட்டிங் மூவான ஃபோகஸ் பிளாஸ்ட் வைத்திருந்தால் தலைகீழ்: ஹைட்ரைகான் 1.6 மடங்கு வாங்கும், ராக்/டார்க் ஆன டைரானிடார் 2.56 வாங்கி ஒரே வீச்சில் சாயும். சாண்டலூர், ஒரிஜின் கிராடினா இரண்டும் அதை 0.39 மடங்காகத்தான் உணரும். ரெக்குவாசாவிடமும் இதே கணக்குதான். ராக் மூவான ஏன்ஷியன்ட் பவர் வந்தால் ஐஸ் போகிமானான வீவைல் 1.6 மடங்கு அடி வாங்கும். மாமோஸ்வைனின் பாதி கிரவுண்ட் என்பதால் அதற்குச் சாதாரண அடி மட்டுமே.

டீம் கோ ராக்கெட்டிடமிருந்து மீட்ட ஷேடோ போகிமானின் அட்டாக் 1.2 மடங்கு, தாங்கும் திறன் அதற்கேற்பக் குறைவு. ரெய்டுக்கு இந்தப் பேரம் பெரும்பாலும் லாபம். தற்காலிகமாகப் பலம் கூடிய மெகா போகிமான் ஒன்று களத்தில் நிற்கும்வரை மற்றவர்களின் அடி 10 சதவீதமும், மெகாவின் அதே டைப் மூவ் என்றால் 30 சதவீதமும் கூடும். ஒரே நேரத்தில் இரண்டு மெகா நின்றாலும் இது கூட்டப்படாது. அதனால் நண்பர்கள் முறை வைத்து இறக்குவது நல்லது. பனி பெய்யும் வானிலையில் ஐஸ் மூவுக்கு 1.2 மடங்கு. காற்று வீசினால் ரெக்குவாசாவுக்கே பலம் கூடும். ஆனால் பிடிக்கும்போது லெவல் 20க்குப் பதில் 25ல் கிடைக்கும்.

புதியவர்கள் மாமோஸ்வைனிலிருந்து தொடங்கலாம். பைலோஸ்வைனை மாமோஸ்வைனாக மாற்ற 100 கேண்டியும் ஒரு சின்னோ ஸ்டோனும் போதும், தேவையான மூவ்களுக்கு எலைட் டிஎம் (மூவைத் தேர்ந்தெடுத்து மாற்றும் அரிய பொருள்) வேண்டாம். ஹைட்ரைகானின் ப்ரூட்டல் ஸ்விங் அப்படியில்லை. நல்ல ஐவிக்காக (ஒவ்வொரு போகிமானுக்கும் 0 முதல் 15 வரை அமையும் கூடுதல் புள்ளி) காத்திருக்காதீர்கள்: அட்டாக் ஐவி 10க்கும் 15க்கும் மாமோஸ்வைனிடம் வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். லெவல் 20லிருந்து 30க்கு ஆகும் ஸ்டார்டஸ்டை (லெவல் கூட்டச் செலவாகும் துகள்) போல ஏறக்குறைய இரு மடங்கு 30லிருந்து 40க்கு ஆகும். எனவே ஒன்றை 40க்குக் கொண்டுபோகும் முன் ஆறையும் 30க்குக் கொண்டுவாருங்கள்.

தேடல் பெட்டியில் @ குறி, 1, அதை ஒட்டி டைப்பின் பெயர் என்று தட்டினால் ஃபாஸ்ட் மூவ்படி வடிகட்டித் தரும்; 1க்குப் பதில் 2 போட்டால் சார்ஜ்டு மூவ்படி. நடுவில் & போட்டு இரண்டையும் சேர்த்துத் தேடி, கிடைப்பதில் ஆறைப் பார்ட்டியாகச் சேமித்துப் பெயரிடுங்கள். லாபியில் விரலால் பக்கவாட்டில் தள்ளினால் தானியங்கி அணிக்குப் பதில் அது வந்து நிற்கும்.