பினாங்கு வாட்டர் பார்க் விடுமுறை வேலை: போகலாமா?

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்த பிள்ளைகள் தெலுக் பஹாங் பக்கம் தேடிப்போகும் வேலை இது. ஐந்துக்கு மூன்றரை தரலாம்.

நீர்ச்சறுக்கின் உச்சியில் நிற்பதுதான் முக்கியப் பணி. முன்னவர் குளத்தை விட்டு வெளியேறி, கீழே நிற்பவர் கை காட்டிய பிறகே அடுத்தவரை விட வேண்டும். எடை குறைந்த பிள்ளை நடுவழியில் நின்றுவிடும். பின்னால் வரும் பெரியவர் இடித்தால் பல் போகும். வரிசை நீண்டால் சூப்பர்வைசர் "சீக்கிரம் விடு" என்பார், காதில் வாங்காதீர்கள். மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டால்தான் ஆளை விடுவது. இடி கேட்டால் எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்ற வேண்டும். காசு கொடுத்து வந்தவர்களிடம் திட்டு வாங்கப்போவதும் நீங்கள்தான்!

முதலில் கெடுவது கால். நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். மாற்றுச் செருப்பு, காய்ந்த துண்டு இரண்டும் பையில் இருக்கட்டும்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. அதற்குக் கீழே பேசினால் கையெழுத்துப் போடாதீர்கள். இபிஎஃப் (ஓய்வுக்கால சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்திருக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வாரம் 45 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம் கேளுங்கள். சாப்பாடு சுமார்.

ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து (ஜெட்டி) 101 பேருந்து போகும். வார இறுதியில் வழியில் உள்ள பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பகுதி நெரிசலில் மாட்டிக்கொள்ளும், முன்கூட்டியே கிளம்புங்கள்.